பதினெட்டு லட்சத்துக்காரி

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற சாலையில், ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் ஜெகதீஸ்வரியின் மாவு மில் இருக்கிறது. மில்லுக்குப் பின்னால் வீடு. மிளகாய், மல்லி, கம்பு, கேப்பை என்று எதைத் திரிக்க வந்தாலும் யாரும் வாளியை வைத்துவிட்டுப் போக மாட்டார்கள். கடைசிப் பொடி விழுகிறவரை பக்கத்திலேயே நின்று தும்மிக்கொண்டே பார்த்திருப்பார்கள். தன் மிளகாயோடு அடுத்தவள் மிளகாய் கலந்துவிடுமோ, மில்லுக்காரி ஒரு கை அள்ளி ஒதுக்கிக்கொள்வாளோ என்கிற பயம். ஜெகதீஸ்வரிக்கு அதில் வருத்தமே கிடையாது. "பாத்துக்கிட்டு நிக்கிறதுதான் நல்லது. பின்னாடி பேச்சு வராதுல்ல" என்பாள்.

அவளும் அதே ரகம்தான். கேஸ் சிலிண்டரை எடை போடாமல் வாங்க மாட்டாள். மகள் தாரணியை விருதுநகரில் நர்சிங் சேர்த்தபோது, விடுதிச் சமையலறைக்குள் போய்ச் சாம்பார் அண்டாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினாள்.

அப்படிப்பட்டவள் புருஷன் நீட்டிய காகிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்று இன்றைக்கும் ஊரில் கேட்கிறார்கள். அவள் சந்தேகப்பட்டுத்தான் போட்டாள். சந்தேகப்பட்ட இடம்தான் தப்பு.

புருஷன் வெள்ளத்துரைக்கு மல்லி வியாபாரம். எம்.ரெட்டியபட்டி, நரிக்குடிப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகளிடம் மல்லியும் வத்தலும் கடனுக்கு எடுத்து, பந்தல்குடி ரோட்டில் இருந்த தன் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்து, விலை ஏறும்போது லாரியில் ஏற்றிவிடுவான். சரக்குப் போட்டவனுக்கு இருபது நாளில் பணம் போய்ச் சேரும். அந்த நாணயத்தை நம்பி ஜெகதீஸ்வரியின் அண்ணன் சுந்தரபாண்டி தன் வெள்ளாமையோடு பக்கத்துக் காட்டுக்காரர்களின் மூட்டைகளையும் மாப்பிள்ளையிடமே அனுப்பி வந்தான். டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஹபீப் ரகுமான், தன் மகன் ஆசாத் ஷார்ஜாவிலிருந்து அனுப்புகிற பணத்தை வெள்ளத்துரையின் தொழிலில் பங்குக்குப் போட்டு வைத்திருந்தார்.

இரண்டு வருஷமாக நிலைமை மாறியிருந்தது. இருபது நாள் இரண்டு மாதம் ஆயிற்று. பிறகு "அடுத்த லோடு போகட்டும்" என்று ஆயிற்று. சம்சாரிகள் மில்லுக்கு வந்து, அவளிடம் ஒன்றும் கேட்காமல், சும்மா நின்றுவிட்டுப் போனார்கள். அது கேட்டதைவிட மோசமாக இருந்தது.

ஒரு மாசி மாத மத்தியானம். கரண்டு போய் மில் ஓடாமல் கிடந்தது. வெள்ளத்துரை உள்ளே வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாவு படிந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்தான்.

"ஜெகதி, நான் ஐ.பி. கொடுக்கப் போறேன்."

கடனைக் கட்ட வழியில்லை, என்னிடம் இருப்பதை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துத் திவாலாவதற்கு இந்தப் பக்கத்தில் ஐ.பி. கொடுப்பது என்று பெயர். கடன் கொடுத்தவர்களுக்குக் கோர்ட்டிலிருந்து போகிற கடுதாசிக்கு மஞ்ச நோட்டீஸ். அவளுக்கு இரண்டும் தெரிந்த சொற்கள்தான். தன் வீட்டுக்குள் கேட்டதில்லை.

"எவ்வளவு நிக்கிது?"

"கிட்டங்கிய வித்தாலும் காவாசி அடையாது. அத விடு. இப்ப வீட்டக் காப்பாத்தணும். வீடு ஒன் பேர்லதான் இருக்கு. ஆனா நீ எம் பொண்டாட்டியா இருக்க வரைக்கும் அதுலயும் கை வைப்பாக. மதுரை வக்கீல் ஒரு வழி சொன்னாரு." அவன் தரையைப் பார்த்தான். "பேருக்கு ஒரு டைவர்ஸ் வாங்கிருவோம். எல்லாம் அடங்குனதும் பழையபடி இருந்துக்கிருவோம்."

ஜெகதீஸ்வரி ஒரே கேள்விதான் கேட்டாள்.

"யாரு அவ?"

"எவ?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

வெள்ளத்துரை சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கடன்பட்டு நிற்கிற மனுஷனுக்கு வருகிற சிரிப்பாக அது இல்லை.

அதற்குப் பிறகு அவள் அவனை வேவு பார்க்கத் தொடங்கினாள். சட்டையைத் துவைக்கும் முன் முகர்ந்து பார்த்தாள். போன் வந்தால் அவன் எழுந்து வெளியே போகிறானா என்று கவனித்தாள். போனை எப்போதும் கவிழ்த்தே வைத்திருந்தான். அதைத் தொட்டால் கோபம் வந்தது. வசூலுக்கு என்று சொல்லிக்கொண்டு அடிக்கடி நரிக்குடி போனான். திரும்பி வரும்போது வசூல் எதுவும் வந்ததாகத் தெரியவில்லை.

நரிக்குடியில்தான் எவளோ இருக்கிறாள் என்று முடிவு கட்டி, ஒரு நாள் மில்லைப் பூட்டிவிட்டு அவன் போன பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். முக்காட்டைப் போட்டுக்கொண்டு, வெயிலுக்குப் போட்டதுபோல் பாவனை செய்தாள். நரிக்குடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதுமே அவன் கண்ணில் பட்டான். எதிரே டீக்கடையின் உள்பக்க பெஞ்சில், சுவரில் சாய்ந்து, தனியாக உட்கார்ந்திருந்தான். கையில் போன். அவள் பக்கத்து உரக்கடை நிழலில் நின்று பார்த்தாள். யாரும் வரவில்லை. அவனும் யாருடனும் பேசவில்லை. டீ ஆடை கட்டிக் கிடந்தது. விரல் மட்டும் போனில் தேய்த்துக்கொண்டே இருந்தது. ஒருமுறை திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டான். பிறகு மறுபடி தேய்த்தான்.

வெயில் சாய்கிறவரை நின்று பார்த்துவிட்டு அவள் ஊருக்குத் திரும்பினாள். கடன்காரர்கள் முகத்தில் முழிக்கப் பயந்து இவ்வளவு தூரம் வந்து ஒளிந்து கிடக்கிறான் பாவம் என்று தோன்றியது. பஸ்ஸில் அழுகைகூட வந்தது. ஒருத்தியும் இல்லை என்பது உறுதியானபோது அவளுடைய சந்தேகம் மொத்தமும் இறங்கிவிட்டது. போனில் அப்படி என்ன இருக்கிறது என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை.

பங்குனியில் கையெழுத்துப் போட்டாள். மனு இங்கிலீஷில் இருந்தது. "எல்லாத்தையும் தமிழ்ல படிச்சுச் சொல்லணும்" என்று அடம்பிடித்தாள். வக்கீலின் ஜூனியர் பையன் கோர்ட்டு வாசல் ஜெராக்ஸ் கடையில் நின்றபடி சொன்னான்: இருவருக்கும் ஒத்துப்போகவில்லை, ஒரு வருஷத்துக்கு மேலாகத் தனித்தனியாக வாழ்கிறோம், இருவரும் மனம் ஒத்துப் பிரிகிறோம்.

"வேற எதுவும் இருக்காப்பா?"

"அவ்வளவுதாங்க. மத்ததெல்லாம் சட்டத்து வாசகம்."

ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை கோர்ட்டில் வந்து இருவரும் சம்மதம் சொல்ல வேண்டும், அதோடு முடிந்தது என்றார்கள். அன்றைக்கே வெள்ளத்துரை இரண்டு பையோடு கிட்டங்கி மாடிக்குக் குடி போனான்.

உறவுக்காரர்கள் நம்பிவிட்டார்கள். பேருக்குத்தான் என்று சொல்ல அவளால் முடியவில்லை. சுந்தரபாண்டியிடமாவது சொல்லலாம் என்றால் அவனே கடன் கொடுத்தவன். அவனுக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரியும். அண்ணன் மில் வாசலில் வந்து தலையில் கையை வைத்து உட்கார்ந்தான். "எங்க வீட்டுப் பிள்ளைய இப்படி வாழாவெட்டியா ஆக்கிட்டானே" என்று அழுதான். அவனுக்கு வர வேண்டிய மூன்று லட்சத்தைப் பற்றி அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது ஒரு சாக்கு குதிரைவாலியை இறக்கி வைத்துவிட்டுப் போனான். அவள் அந்தச் சாக்கைப் பிரிக்காமலே வைத்திருந்தாள். பொய் சொல்லி வாங்கியது போல இருந்தது.

ஆடியில் மஞ்ச நோட்டீஸ் போயிற்று. அதிலிருந்து அண்ணன் வரவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மில்லுக்குத் திடீரென்று கூட்டம் கூடியது. கால்படி மிளகாயோடு வந்து, மில்லைப் பார்க்காமல் அவள் கழுத்தையும் காதையும் பார்த்தார்கள். பின்னால் தெரிகிற வீட்டை எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, "ஏ.சி. மாட்டியாச்சா?" என்று கேட்டாள். அதன் பிறகு கூட்டம் ஒரேயடியாகக் குறைந்தது.

காரணத்தைச் சொன்னது ஹபீப் ரகுமான்தான். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து நேராக வந்தார். திரித்துக்கொண்டிருந்த கிழவி போகிறவரை ஓரமாக நின்றார். மோட்டாரை அணைத்ததும் உள்ளே வந்தார்.

"தங்கச்சி, ஒங்கமேல எனக்குக் கோவம் இல்ல. புருஷன் பொண்டாட்டி பிரியிறதுல தலையிட நான் யாரு? ஆனா நீங்க வாங்குன பதினெட்டு லட்சத்துல எங்க பணம் ஏழு லட்சம் இருக்கு. எம் மகன் வெயில்ல நின்னு அனுப்புனது. அத மட்டும் கொடுத்துருங்க. நான் கோர்ட்டுக்கே வரல."

"எந்தப் பதினெட்டு லட்சம்ணே?"

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அவளும் அவரை உற்றுப் பார்த்தாள். போட்டு வாங்க வந்திருக்கிறார், ஏதாவது வாயைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்க்கிறார் என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது.

"எல்லாருக்கும் வந்த நோட்டீஸ்ல இருக்கே. கையிருப்பா இருந்த பதினெட்டு லட்சத்த ஜீவனாம்சமா மொத்தமாப் பொண்டாட்டிக்குக் கொடுத்துட்டேன், இப்ப எங்கிட்ட ஒண்ணும் இல்லன்னு எழுதியிருக்காரு. வாங்கிக்கிட்டேன்னு நீங்களும் டைவர்ஸ் மனுவுல கையெழுத்துப் போட்டிருக்கீகளாமே."

"நான் ஒரு ரூவா வாங்கலண்ணே."

"சரி." அவர் தொப்பியைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். "எல்லாரும் முதல்ல அதத்தான் சொல்வாக."

"வெளிய போங்க" என்று அவள் சொன்னாள். அவர் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலமே ஷேர் ஆட்டோ பிடித்து எம்.ரெட்டியபட்டிக்குப் போனாள். சுந்தரபாண்டி பருத்திக்கு மருந்தடித்துவிட்டு வந்து, தொட்டித் தண்ணீரில் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் வா என்று கேட்கவில்லை.

"அண்ணே, ஒனக்கும் நோட்டீஸ் வந்துச்சா?"

"வந்துச்சு."

"அதுல இருக்கது பொய்யிண்ணே."

"எது பொய்யி? டைவர்ஸா, பணமா?"

டைவர்ஸும் பொய்தான். அதைச் சொன்னால் பணத்தைப் பற்றிச் சொல்வதை யார் நம்புவார்கள்? அவள் முகத்தைப் பார்த்தே அவன் புரிந்துகொண்டான். புரிந்துகொண்டதில் பாதி தப்பு.

"ரெண்டு பேரும் சேந்துதான பண்ணியிருக்கீக" என்றான் மெதுவாக. "நான் அங்க வந்து அழுதேன் பாரு. அன்னைக்கு நீ உள்ளுக்குள்ள சிரிச்சிருப்ப."

"எங்கப்பா மேல சத்தியமா..."

"அவரு எனக்கும் அப்பாதான். அவர இழுக்காத."

மறுநாள் கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனாள். அங்கே கனகலட்சுமி என்ற வக்கீலம்மா இருந்தார். சேலையில் பேனா மைக் கறை, அலுத்துப்போன முகம். ஜெகதீஸ்வரி அவரையும் நம்பவில்லை. மதுரை வக்கீலுக்குத் தெரிந்தவராக இருக்கலாம். அதனால் பெயர் சொல்லாமல், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பள" என்று தொடங்கினாள்.

வக்கீலம்மா குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, "அந்தப் பொம்பள வீடு யார் இடத்துல இருக்கு?" என்றார்.

"அவுக அப்பா எழுதிக் கொடுத்த இடம்."

"வீடு கட்டினது?"

"மில்லு மேல லோனு போட்டு. மில்லு வருமானத்துலதான் கட்டி அடைச்சேன்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வக்கீலம்மா சிரிக்கவில்லை. "எப்போ?"

"மக ரெண்டாப்புப் படிக்கிறப்ப."

"அப்போ அந்த வீட்டுக்கும் ஒங்க வீட்டுக்காரர் கடனுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா. அவருக்கு ஜாமீன் கையெழுத்து எதுவும் போட்டிருக்கீங்களா? இல்லையா? அப்போ டைவர்ஸ் ஆனாலும் ஆகலைன்னாலும் அது ஒங்க வீடு. அதைக் காப்பாத்த இந்த மனு தேவையே இல்லை."

ஜெகதீஸ்வரி எழுந்திருக்கப் போனாள்.

"இன்னொண்ணு கேளுங்க. திவாலாகிறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷத்துக்குள்ள பொண்டாட்டி, சொந்தக்காரங்களுக்கு எதையாவது சும்மா தூக்கிக் கொடுத்திருந்தா, அது செல்லாதுன்னு கோர்ட் ரத்துப் பண்ணலாம். கடன்காரங்க சார்பா ரிசீவர்னு ஒரு அதிகாரி இருப்பார். பதினெட்டு லட்சத்தைக் கொண்டாங்கன்னு ஒங்களைத்தான் கேப்பார். வாங்கினேன்னு கையெழுத்து இருக்கு. கொடுக்கலைன்னா, அப்பத்தான் அந்த வீட்டுல கை வைப்பாங்க."

வீட்டைக் காப்பாற்ற என்று போட்ட கையெழுத்துதான் வீட்டுக்குக் கேடாக வந்து நின்றது. வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து நேராகக் கிட்டங்கிக்குப் போனாள்.

கிட்டங்கி காலியாகக் கிடந்தது. மல்லி வாசம் மட்டும் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்துரை கீழே கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தவன் அவளைப் பார்த்ததும் பதறி எழுந்தான்.

"இங்க எதுக்கு வந்த? யாரும் பாத்தா எல்லாம் கெட்டுப்போகும்."

"எல்லாம்னா எது? பதினெட்டு லட்சம் எங்க?"

"அது கணக்குக்குக் காட்டுனது. வக்கீல் சொன்னாரு. பொம்பளகிட்ட வந்து யாரு கேக்கப் போறான்னு..."

"பாய் வந்து கேட்டாக. எங்கண்ணன் கேக்காமலே கேட்டுட்டான். ரிசீவர் கேப்பாராம். நான் கேக்கேன். பணத்த எங்க வச்சிருக்கீக? ஒங்க அக்கா வீட்டுலயா? நரிக்குடியிலயா?"

"எங்கயும் இல்ல."

"பொய் சொல்லாதீக."

"இல்ல ஜெகதி!" அவன் போனை எடுத்துக் கட்டிலில் எறிந்தான். "இதுல போச்சு. மல்லி விலை ஏறுமா எறங்குமான்னு போன்லயே பந்தயம் மாதிரி வாங்கலாம், விக்கலாம். ஆன்லைன் வர்த்தகம். சரக்கே வேண்டாம், மூட்டையே தூக்க வேண்டாம். மொத மாசம் நாப்பதாயிரம் வந்துச்சு. நமக்குத் தெரியாத மல்லியான்னு நெனச்சேன். அப்புறம் எறங்க எறங்க, விட்டதப் பிடிக்கப் போட்டுக்கிட்டே இருந்தேன். ஒங்கண்ணன் பணம், பாய் பணம், எல்லாம்."

நரிக்குடி டீக்கடையும், ஆடை கட்டிய டீயும், நெற்றியில் அடித்துக்கொண்டதும் அவள் கண்ணுக்குள் வந்தன. அவ்வளவு நேரம் நின்று பார்த்திருந்தாளே.

"அத அப்படியே கோர்ட்டுல சொல்ல வேண்டியதுதான? எதுக்கு எம் பேர எழுதுனீக?"

"மல்லி வியாபாரி மல்லியிலயே ஏமாந்தான்னு சொன்னா ஊரே கைதட்டிச் சிரிக்கும். பொண்டாட்டிக்குக் கொடுத்து மறைச்சுட்டான்னா திருட்டுப்பயன்னு சொல்வாக. முட்டாப்பயன்னு சொல்ல மாட்டாகல்ல."

"அப்ப நான் திருடியா இருக்கலாம்."

அவன் கட்டிலில் கிடந்த போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.

"எல்லாமே போயிருச்சா?" என்று கேட்டாள். "ஒண்ணுகூட மிச்சம் இல்ல?"

"எல்லாம்" என்றான். சொல்லும்போது அவன் கண் அவளை விட்டு விலகிக் கதவுப் பக்கம் போயிற்று. வெட்கத்தில் போயிற்றா, வேறு எதற்காவது போயிற்றா என்று அவளுக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

புரட்டாசியில் இரண்டாவது தடவை கோர்ட்டில் கூப்பிட்டார்கள். மதுரை வக்கீல் அவளைப் பார்த்து, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னால் போதும் என்பது போலத் தலையசைத்தார். வெள்ளத்துரை பக்கத்தில் நின்றான். பெஞ்சில் ஹபீப் ரகுமான் உட்கார்ந்திருந்தார். தன் ஏழு லட்சத்துக்கு ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று வந்திருப்பார். பின்னால், கதவோரம், சுந்தரபாண்டி.

நீதிபதி கேட்டார்: "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முழுச் சம்மதத்தோடு பிரிகிறீர்களாம்மா?"

"சம்மதம் இல்லைங்கய்யா" என்றாள் ஜெகதீஸ்வரி. கூண்டுக் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இது கடன்காரவுகளுக்குக் காட்டுறதுக்குப் போட்ட மனு. பேருக்குத்தான்னு சொன்னாக, நானும் ஒத்துக்கிட்டேன். அது எந் தப்பு. ஆனா பதினெட்டு லட்சம் வாங்குனதா இதுல எழுதியிருக்காம். நான் ஒரு ரூவா வாங்கல. அந்த வரிய எனக்குப் படிச்சே காட்டல."

கோர்ட்டில் ஒரு சலசலப்பு. மதுரை வக்கீல் எழுந்தார், நீதிபதி கையமர்த்தினார். அவள் சொன்னதை வரி வரியாக எழுதச் சொன்னார். ஒருவர் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதால் மனு தள்ளுபடி ஆனது. நீதிமன்றத்தை ஏமாற்றப் பார்த்ததற்காக இருவரையும் கடுமையாக எச்சரித்தார். அவள் அதையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது ஹபீப் ரகுமான் அவளைக் கடந்து போனார். நின்றார். "நெசத்தத்தான் சொன்னீகளா, இல்ல இதுவும் வக்கீல் சொல்லிக்கொடுத்ததா தங்கச்சி?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ரிசீவர் விசாரணை எட்டு மாதம் நடந்தது. வெள்ளத்துரையின் வங்கிக் கணக்கை வாங்கிப் பார்த்தார்கள். பதினோரு லட்சத்துச் சொச்சம் ஆன்லைன் வர்த்தகத்தில் போனது தெரிந்தது. மீதியை ரொக்கமாக ஒரு தரகரிடம் கொடுத்தேன் என்றான். அவன் சொன்ன தரகரைக் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. ஜெகதீஸ்வரியின் கணக்கையும் தோண்டினார்கள். மில் வருமானம், மகள் ஃபீஸ், நகைக்கடன் இவ்வளவுதான் இருந்தது. அவள் பெயர் விசாரணையிலிருந்து நீங்கியது. கிட்டங்கி ஏலம் போய், கொடுத்தவர்களுக்கு ரூபாய்க்கு நாலணா கிடைத்தது.

அண்ணன் நாலணாவை வாங்கிய அன்று மில்லுக்கு வந்தான். மன்னிப்புக் கேட்கவில்லை. ஷட்டர் சரியாக இறங்கவில்லையே என்று அதைச் சரிசெய்து, எண்ணெய் போட்டுவிட்டு, "தாரணி எப்ப வாரா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அது போதும் என்று இருந்தது அவளுக்கு. பாதிதான் நம்புகிறான் என்பதும் தெரிந்தது.

அதற்குப் பிறகுதான் அவள் உண்மையாகவே விவாகரத்துக்குப் போட்டாள். கனகலட்சுமியே மனு எழுதினார். "பணம் போனதுக்காகப் பிரியலம்மா. பணம் யாருக்கும் போகும்" என்றாள் அவரிடம். "திருடின்னு எம் பேர எழுதும்போது அவருக்குக் கை நடுங்கலையே, அதுக்குத்தான்."

"ஜீவனாம்சம் கேக்கலாம். ஆனா திவாலானவர்கிட்ட எடுக்க எதுவும் இருக்காது."

"வேண்டாம். ஒரு ரூவாகூட வாங்கல, வாங்கவும் மாட்டேன்னு பெருசா எழுதுங்க. மொத வரியிலயே எழுதுங்க."

இந்தத் தடவை மனுவைத் தமிழில் எழுதவைத்து, தானே இரண்டு முறை படித்து, தாரணியை விட்டு ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள். வெள்ளத்துரை கோர்ட்டுக்கு வரவே இல்லை. எதிர்ப்பு இல்லாமல் தீர்ப்பாயிற்று.

அந்தப் பொய்யான விவாகரத்துக்கு அழுத உறவுக்காரர்களில் ஒருவர்கூட உண்மையான விவாகரத்தை நம்பவில்லை. முதல்தடவை பிடிபட்டுவிட்டார்கள், இப்போது சுத்தமாகப் பண்ணிவிட்டார்கள், தரகரிடம் கொடுத்ததாகச் சொன்ன அந்த மிச்ச ஏழு லட்சம் எங்கே இருக்கிறதென்று இரண்டு பேருக்கும்தான் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். பதினெட்டு லட்சத்துக்காரி என்ற பெயர் நின்றுவிட்டது. புதிதாக வழி கேட்டு வருகிறவர்களுக்குக்கூட, "பதினெட்டு லட்சத்துக்காரி மில்லா? அந்தா" என்று கைகாட்டுகிறார்கள். மில் நன்றாக ஓடுகிறது. ஹபீப் ரகுமான் வீட்டு மிளகாயும் வருகிறது. அவர் மனைவி சபுரா பீவி வாளியைக் கொண்டுவந்து, மற்ற எல்லாரையும் போலப் பக்கத்திலேயே நிற்கிறார்.

வெள்ளத்துரை இப்போது விருதுநகரில் ஒரு கமிஷன் கடையில் எடை போடுகிறான். போன பொங்கலுக்கு மகளைப் பார்க்க வந்தான். ஜெகதீஸ்வரி அவனை வீட்டுக்குள் கூப்பிடவில்லை. மில் வாசலிலேயே, ஊர் பார்க்கிற மாதிரி, நாற்காலி போட்டாள். ரோட்டில் போனவர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் நன்றாக இளைத்திருந்தான். காப்பியைக் குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து மூவாயிரம் ரூபாயை எடுத்துத் தாரணி கையில் கொடுத்தான்.

"மாசாமாசம் தாரேன்த்தா. பரீட்சைக்குக் கட்டிக்கோ."

"இது ஏது?" என்றாள் ஜெகதீஸ்வரி.

"சம்பளம்."

"எவ்வளவு சம்பளம்?"

"பன்னெண்டாயிரம்." அவன் முகம் சுருங்கியது. எழுந்து செருப்பை மாட்டினான். "நெசமாத்தான் சொல்றேன் ஜெகதி."

"சரி" என்றாள்.

அவன் பஸ் ஏறிப் போனதும் தாரணி அம்மாவை முறைத்தாள். "ஏம்மா, பிள்ளைக்குக் கொடுக்கிற காசக்கூடவா கேப்ப?"

ஜெகதீஸ்வரி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் காலை, அந்தக் கமிஷன் கடையின் நம்பரை விசாரித்து வாங்கி, போன் போட்டாள். வேலைக்கு ஆள் தேடுகிறவள் போலப் பேச்சை வளர்த்து, எடை போடுகிறவருக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள்.

"வெள்ளத்துரை அண்ணனுக்குப் பன்னெண்டு கொடுக்கோம். நல்ல ஆளு. ஏன், அவரக் கூப்பிடவா?"

"வேண்டாம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். வாசலில் ஒருத்தி கம்போடு நின்றிருந்தாள். ஜெகதீஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு போய் மோட்டாரைப் போட்டாள்.